பதினெட்டாயிரம் கிலோ நாடு

என்னைப் படகில் ஏற்றிவிட்டு, நான் தனியாகத் துடுப்புப் போட்டுக் கரையிலிருந்து நூறு அடி போனதும் நாடு மேலே எழுந்தது. முதலில் வயிறு நிறைந்தவன் விடும் ஏப்பம் மாதிரி ஒரு சத்தம் கேட்டது, அப்புறம் படகுத்துறை ஏணியில் எப்போதும் தண்ணிக்குள் கிடக்கும் நாலு படிகள் பாசியும் சிப்பியுமாக வெளியே வந்தன, தென்னைமரங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் குலுங்கிக் காய்களைப் போட்டன, கரையில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த இருநூற்று எட்டுப் பேரும் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தார்கள். ஜனாதிபதி சவரிராயன் மாமா கொடிக்கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "போதும்ல, திரும்பி வா" என்று கத்தினார். திரும்பினேன். என் கால் மணலில் பட்டதும் நாடு பழையபடி உட்கார்ந்தது.

"இவன்தானா, இல்ல காத்தா?" என்று யாரோ கேட்டதால் இரண்டாம் தடவை போனேன். சரியாகப் பார்க்கவில்லை என்று இன்னொருவர் சொன்னதால் மூன்றாம் தடவை. மூன்றாவதில் பாதிப் பேர் நாடு எழுவதற்கு முன்னாலேயே சாய்ந்து தயாராக நின்றார்கள், தேநீர் வைத்திருந்தவர்கள் டம்ளரை உயர்த்திப் பிடித்துக்கொண்டார்கள்.

"ஆக, இஞ்ஞாசி, நீ போக முடியாது" என்றார் ஜனாதிபதி.

"மூணு மாசத்துல கப்பல் வருது மாமா. நான் போறேன்."

"நீ போனா நாடு கெளம்பிரும்ல."

"அதுக்கு நான் என்ன செய்ய? நான் என்ன ஆணியா?"

எல்லாரும் சிரித்தார்கள். என் அம்மா பிரகாசி மட்டும் சிரிக்கவில்லை. அவள் விரல்விட்டு எதையோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

இதைச் சொல்லியே ஆகவேண்டும், இல்லாவிட்டால் எங்களைப் பைத்தியக்காரர்கள் என்று நினைத்துக்கொள்வீர்கள். எங்கள் நாட்டுக்குப் பேர் மூக்குத்தித் தீவுக் குடியரசு. இந்தியப் பெருங்கடலில் எந்தக் கப்பலும் வழியில் பார்க்காத இடத்தில் இருக்கிறது. நீளவாக்கில் நடந்தால் நாற்பது நிமிஷம், குறுக்கே நடந்தால் வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் கடல் வந்துவிடும். அந்தக் காலத்தில் ஒரு கொப்பரைக் கம்பெனி தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ஆட்களைக் கூட்டிவந்து இங்கே இறக்கியது. கப்பல்காரன் கொப்பரைக்கும் ஆளுக்கும் ஒரே மாதிரி எடை பார்த்துத்தான் கூலி வாங்கினான் என்பதால், கம்பெனியும் எங்களைத் தலை எண்ணாமல் எடை போட்டே எழுதி வைத்தது. கம்பெனி போனது, வெள்ளைக்காரன் போனான், கொடி வந்தது, ஆனால் மேடைத் தராசு அப்படியே இருந்தது. இன்றைக்கும் எங்கள் மக்கள்தொகை கிலோவில்தான். வருஷத்துக்கு ஒரு தடவை பத்துப் பத்துப் பேராகத் தராசில் ஏறி நிற்பார்கள், ஜனாதிபதி கூட்டிச் சொல்வார், கைதட்டுவோம், சோறு போடுவார்கள்.

போன வருஷம்வரை முப்பது வருஷமாகப் பதினெட்டாயிரத்துக்குக் கீழே போனதே இல்லை. வெளிநாட்டிலிருந்து வருகிற அதிகாரிகளிடம் சவரிராயன் மாமா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்வார், "மத்த தீவெல்லாம் காலியாவுது, எங்க நாட்டுல ஒரு கிலோ குறையல." அது உண்மைதான். ஆனால் அந்த முப்பது வருஷத்தில் நானூற்று முப்பது பேராக இருந்த நாங்கள் இருநூற்று ஒன்பது பேராகிவிட்டோம். போனவர்கள் எல்லாம் ஒல்லியான இளவட்டங்கள். போனவர்கள் சும்மா இருந்தார்களா, ஒவ்வொரு கப்பலிலும் மாட்டுக்கறி டின், பால்பவுடர், சீனி, பிஸ்கட் என்று பெட்டி பெட்டியாக அனுப்பினார்கள், பெற்றவர்கள் பிள்ளை அனுப்பியது ஆயிற்றே என்று ஒன்று விடாமல் தின்றார்கள். மகன் அறுபது கிலோவோடு கப்பல் ஏறினால் இரண்டு வருஷத்தில் அந்த அறுபது கிலோவும் அம்மா மேலேயும் அப்பா மேலேயும் வந்து உட்கார்ந்துவிடும். தராசுக்கு என்ன தெரியும்? எங்களுக்கும் தெரியவில்லை. நாடு காலியாகிக்கொண்டிருந்தது, நாங்கள் கைதட்டிக்கொண்டிருந்தோம்.

போன வருஷம் ரோஸ்லின் டீச்சர் போனார். எழுபத்துநாலு கிலோ. நான் ஒருத்தன்தான் படித்துக்கொண்டிருந்தேன், டீச்சர் போனதும் பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டார்கள். நான் படிப்பை நிறுத்தியவன் என்று சொல்கிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொள்கிறேன், நான் நிறுத்தவில்லை, பள்ளிக்கூடம் கப்பல் ஏறிப் போய்விட்டது. டீச்சரின் கப்பல் கண்ணுக்கு மறைந்த மதியம், சாப்பாட்டு வேளையில், எடை பதினெட்டாயிரத்துக்குக் கீழே இறங்கி, நாடு முதல் தடவையாகக் கிளம்பியது. யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. குழம்பு இலையிலிருந்து வழிந்ததால் இலையைத் திருப்பிப் போட்டார்கள்.

மிதக்க ஆரம்பித்ததும் நாடு மெதுவாகச் சுற்றவும் ஆரம்பித்தது. காலையில் கிழக்கே இருந்த சமையலறை சாயங்காலம் வடக்கே போய்விடும், புகை வீட்டுக்குள் வரும். பள்ளிவாசல் மோதினார் காசிம் கழுத்தில் திசைகாட்டியைக் கட்டிக்கொண்டு ஐந்து வேளையும் பாயைத் திருப்பினார். வழியில் பார்த்தால் "சாப்டாச்சா" என்று கேட்கிறவர்கள் "கெழக்கு இன்னைக்கி எங்க கெடக்கு" என்று கேட்டார்கள். தெற்குத் தெருக்காரர்களுக்கும் வடக்குத் தெருக்காரர்களுக்கும் கிணற்றுத் தகராறு ஒன்று வெகுநாளாக இருந்தது, எது தெற்கு என்றே தெரியாமல் போனதால் அது தானாக முடிந்தது.

ஆனால் ஒரு தொந்தரவு. எங்கள் நாட்டில் விற்பதற்கு இருப்பது கடல் ஒன்றுதான். தீவைச் சுற்றி வட்டமாக எங்கள் கடல், அதில் சூரை மீன் பிடிக்க வெளிநாட்டுக்காரன் லைசென்ஸ் வாங்குகிறான், அதில்தான் அரிசியும் டீசலும் மருந்தும் வருகின்றன. தீவு நகர்ந்தால் வட்டமும் நகருமே. நேற்றுவரை எங்கள் கடலில் பிடித்துக்கொண்டிருந்தவன் இன்றைக்கு யாருக்கும் சொந்தமில்லாத கடலில் இலவசமாகப் பிடித்துக்கொண்டிருந்தான். லைசென்ஸ் வாங்கிய ஒருவன் கடிதம் போட்டான், "தங்கள் நாடு தற்போது இருக்கும் இடத்தைத் தெரிவிக்கவும்." சவரிராயன் மாமா பதில் போட்டார், "நாடு இருந்த இடத்தில்தான் இருக்கிறது. தாங்கள் எங்கே இருக்கிறீர்கள்?"

கல் தூக்கி வைத்துப் பார்த்தார்கள். வடக்குப் பக்கத்துக் கல்லைத் தெற்குப் பக்கம் வைத்தால் என்ன ஆகும், முதுகு வலிக்கும், அவ்வளவுதான். அப்புறம் சிமெண்டு மூட்டை இறக்கினார்கள். நாடு அசையவே இல்லை, அதாவது மிதந்துகொண்டே இருந்தது. ஆள் எடை மட்டும்தான் எடுபட்டது. ஏன் என்று கேட்காதீர்கள். கேட்டுக்கொண்டு ஒரு நிபுணர் வந்தார், தொண்ணூற்று நாலு கிலோ, அவர் இறங்கியதும் நாடு நச்சென்று உட்கார்ந்தது, அவருக்கு நாங்கள் கொடுத்த மரியாதையை எங்கள் பிஷப்புக்கும் கொடுத்ததில்லை. அவரை இருக்கவைக்க அவருடைய செருப்பையும் பெட்டியையும் ஒளித்துவைத்தார்கள். வெறுங்காலோடு கப்பல் ஏறிப்போய்விட்டார். நாடு மறுபடி கிளம்பியது.

அதனால் எங்களுக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினோம். தின்றோம். ரோஸ்லின் டீச்சர் விட்டுப்போன குறையை எழுபத்தொரு நாள் தின்று அடைத்தோம், நாடு உட்கார்ந்தது. ஜனாதிபதி சட்டமே போட்டார், நாட்டுப்பற்று உள்ளவர்கள் மூன்று வேளையோடு நிறுத்தக் கூடாது, காரணமில்லாமல் நடக்கக் கூடாது. தேங்காய்ப்பால் கஞ்சிக்குக் கொடி ஏற்றினார்கள். நர்ஸ் ஜொகராக்கா மட்டும், "பிள்ள பெத்தாத்தான் மக்கள்தொகை, தொப்ப போட்டா இல்ல" என்று கத்திப் பார்த்தாள். பிள்ளை பெறுகிற வயதில் இருந்தவர்கள் எல்லாரும் அப்போது பிஸ்கட் அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

இப்படித் தின்று தின்று பதினெட்டாயிரத்து முப்பத்தொன்றில் நின்றபோதுதான் எனக்குக் கடிதம் வந்தது. தெற்கே ஒரு பெரிய நாட்டில் மீன் வெட்டும் ஆலையில் வேலை. பதினெட்டு வயது முடிந்திருக்கவேண்டும், அடுத்த கப்பலில் வரவேண்டும், அதற்கு மேல் இடம் காத்திருக்காது. என் எடை ஐம்பத்திரண்டு. கழித்துப் பாருங்கள். இருபத்தொரு கிலோ குறைகிறது. அதற்குத்தான் என்னைப் படகில் ஏற்றி மூன்று தடவை சோதித்தார்கள்.

நான் பொய் சொல்லமாட்டேன், எனக்குப் போகணும். எனக்கு அந்தத் தீவில் பேசுவதற்கு என் வயதில் ஒரு ஆள் கிடையாது. நான் கடைசியாகக் காலால் பந்து உதைத்தபோது அதைத் திருப்பி உதைக்க ஆளில்லாமல் அது கடலுக்குப் போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஒரு கறி டின்னைத் திறந்தாள். அதைத் தின்று முடித்து இன்னொன்றைத் திறந்தாள்.

"என்னம்மா செய்யுத?"

"இருவத்தொண்ணுதானல. மூணு மாசம் இருக்கு. ஏழு ஏழா வச்சாப் போதும்."

"ஒனக்குச் சக்கர இருக்கு."

"ஒங்க அண்ணன் போனப்ப அவனுக்குத் தின்னேன். ஒங்க அக்காவுக்கும் தின்னேன். ஒனக்குத் தின்னாம விட்டா நாளைக்கி நீ என்ன சொல்லுவ, எங்கம்மா ஓரவஞ்சன பிடிச்சவன்னு சொல்லுவ."

அவள் தின்பதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. நிறுத்தச் சொல்லவும் வாய் வரவில்லை. ஏன் வரவில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

ஊர் இரண்டாகப் பிரிந்தது. பிள்ளைகளை அனுப்பியவர்கள் "இஞ்ஞாசிக்கு ஒரு கிலோ" என்று சொல்லி ஆளுக்கொரு கை கூடுதலாகத் தின்றார்கள், வழியில் என்னைப் பார்த்தால் வயிற்றைத் தட்டிக் காட்டினார்கள். நான் போகக்கூடாது என்றவர்கள், அந்த எடை சேர்ந்துவிடக் கூடாதென்று ரகசியமாக இளைக்க ஆரம்பித்தார்கள். விடிகாலையில் கடற்கரைப் பக்கம் போனேன், அங்கே ஜனாதிபதி வேர்த்து விறுவிறுத்து வேகமாக நடந்துகொண்டிருந்தார்.

"மாமா, நடக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டது நீங்கதான?"

"காரணமில்லாம நடக்கக் கூடாதுன்னுதான் போட்டேன்" என்றார், மூச்சு வாங்கிக்கொண்டே. "எனக்கு நீதான் காரணம்."

"எனக்கு வயசு பதினெட்டு மாமா. இங்க இருந்து நான் என்ன செய்ய?"

"நிக்கணும்ல. அவ்வளவுதான். ஒன்னய வேற என்ன கேட்டோம்? சும்மா நில்லு."

அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு வேறு பேச்சு தெரியவில்லை.

அம்மா பதினொரு கிலோ ஏறினாள். முகம் வீங்கிக் கண் சிறுத்துச் சந்தோஷமாக இருந்தாள். அப்புறம் ஒரு வாரம் தண்ணி தண்ணி என்று குடித்துக்கொண்டே இருந்தாள், குடிக்கக் குடிக்க இளைத்தாள். ஏறின பதினொன்றும் போய், அதற்குமேல் இன்னும் இருபதும் போனது. ஜொகராக்கா ரத்தத்தைச் சோதித்தாள்.

"பிரகாசி, இனிமே ஒனக்கு ஊசிதான்" என்றாள். "தெனம் ரெண்டு. ஒரு நா விட்டாலும் நான் பொறுப்பில்ல."

"ஊசி எடை கூட்டுமா?" என்று கேட்டாள் அம்மா.

ஜொகராக்கா என்னை வெளியே கூப்பிட்டுச் சொன்னாள். "இருக்கிற மருந்து கப்பல் வர்ற வரைக்கும்தான். கப்பல்ல மூணு மாசத்துக்கு வரும். அதுக்கப்புறமும் கப்பல் வரணும், அதுக்கப்புறமும் வரணும். புரியுதால?"

புரிந்தது.

கப்பல் வந்தது. ஊசிமருந்துப் பெட்டியை முதலில் இறக்கினார்கள், அப்புறம் அரிசி, டீசல், பிள்ளைகள் அனுப்பிய டின்கள். கேப்டன் துரைசிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர், வருஷத்துக்கு நாலு தடவை வருகிறவர். நிலைமையைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"எனக்குத் தந்திருக்கிற புது வரைபடத்தில இந்த இடத்திலதான் தீவு போட்டிருக்கு. நான் இந்த இடத்துக்குத்தான் வருவன். நீங்கள் இங்க நிண்டா மருந்தைத் தருவன். நிக்கேல்லை எண்டா கடலுக்குள்ளதான் போடவேணும்."

"போன தடவ மிதந்தப்ப கண்டுபிடிச்சீங்களே" என்றார் ஜனாதிபதி.

"அப்ப பதினொரு கிலோமீட்டர்தானே போனது. ரெண்டு நாள் தேடி, முதலாளியிட்ட ஏச்சும் வாங்கினன். இனித் தேட விடமாட்டினம்."

உடனே தராசைப் படகுத்துறைக்கு இழுத்துவந்தார்கள். நான் நின்றால் பதினெட்டாயிரத்து நாலு. நான் போனால் நாற்பத்தெட்டு கிலோ குறைவு. இனித் தின்று சரிக்கட்டுவதற்கும் யாருக்கும் வயிறு இல்லை.

எங்கள் நாட்டில் ஓட்டும் எடைதான். போகக்கூடாது என்றவர்கள் முதலில் ஏறினார்கள், பத்துப் பத்துப் பேராக, சவரிராயன் மாமா தலைமையில். எட்டாயிரத்து அறுநூற்று நாற்பது. அப்புறம் போகட்டும் என்றவர்கள். அம்மாவை நாற்காலியோடு தூக்கிவைத்து நாற்காலியின் எடையைக் கழித்தார்கள். ஜனாதிபதியின் வீட்டுக்காரி ஜெபமாலை அத்தை கடைசியாக வந்து இந்தப் பக்கம் ஏறினாள்.

"ஏய், நீ எங்க ஏறுத?" என்றார் ஜனாதிபதி.

"ரெண்டு பொட்டப்பிள்ளைய அனுப்பினப்ப யாரும் தராசத் தூக்கிட்டு வரல" என்றாள் அத்தை. "அது அம்புட்டும் எம்மேலதான் இருக்கு. எழுதும்."

எழுதினார். ஒன்பதாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு தொண்டையைச் செருமினார். "நாடு மிதக்கத் தீர்மானிச்சிருக்கு. எல்லாரும் போயி அவங்கவங்க சாமான கட்டி வைங்க."

போனார்கள். அரைமணி நேரத்தில் கோழிகள் கூட்டுக்குள் போயின, பானைகளைக் கயிற்றால் கட்டினார்கள், வள்ளங்களை மேட்டுக்கு ஏற்றினார்கள், காசிம் திசைகாட்டியைத் துடைத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார், ஜொகராக்கா ஊசிமருந்தை எண்ணிப் பஞ்சுக்குள் வைத்தாள். மூன்று மாசத்துக்கு இருந்தது. அதற்கு மேல் என்ன என்று யாரும் கேட்கவில்லை, நாங்கள் அப்படித்தான், நாற்காலி ஆடினால் காலைக் கொஞ்சம் நகர்த்திப் போடுவோமே தவிர நாற்காலியைப் பார்க்கமாட்டோம்.

கேப்டனிடம் ஒன்று மட்டும் கேட்டேன். "மிதந்தா எங்க போவும்?"

"இந்த நீரோட்டமோ? கிழக்கால கொண்டு போகும். அங்க ஒண்டுமில்லை தம்பி."

ஏறினேன். எங்கள் வழக்கம் ஒன்று உண்டு. ஊரைவிட்டுப் போகிறவனைக் கரையிலிருந்து யாரும் அவிழ்த்துவிடமாட்டார்கள். கப்பலைப் படகுத்துறையோடு கட்டியிருக்கும் வடத்தின் கரைப்பக்க முனையை யாரும் தொடக்கூடாது. போகிறவனே கப்பலின் பின்பக்கத்தில் நின்று முடிச்சைக் கழற்றித் தண்ணிக்குள் போடவேண்டும். நாடு அவனைத் தள்ளிவிட்டது என்று நாளைக்கு ஒரு பேச்சு வந்துவிடக்கூடாது பாருங்கள். என் அண்ணன் கழற்றினான். அக்கா கழற்றினாள். ரோஸ்லின் டீச்சர் நகம் உடைந்து அழுதுகொண்டே கழற்றினார்.

என் கால் கப்பலில் பட்டதுமே ஏப்பம் கேட்டது. ஏணியின் படிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன, இந்தத் தடவை ஆறு. தேங்காய்கள் விழுந்தன. கரையில் எல்லாரும் பழக்கமாகச் சாய்ந்து பழக்கமாக நிமிர்ந்தார்கள். கப்பல் எஞ்சின் உறும ஆரம்பித்தது, கப்பல் தெற்கே திரும்பியது, தண்ணிக்குள் தொங்கிக் கிடந்த வடம் சொட்டச் சொட்ட மேலே வந்து நேராக நின்றது. அதன் அந்தப் பக்க முனையில், கம்பெனிக்காரன் பாறைக்குள் இறக்கிவிட்டுப் போன இரும்புக் கட்டையில், எங்கள் நாடு கட்டியிருந்தது. நாற்பத்தெட்டு கிலோ குறைந்த நாடு, காய்ந்த தேங்காய் மாதிரி லேசாக, முகத்தை மெதுவாக எங்கள் பக்கம் திருப்பியது.

"தம்பி, வடத்தைக் கழட்டிவிடும்" என்று மேலேயிருந்து கேப்டன் சத்தம் போட்டார்.

"அவுத்துவிடுல, இஞ்ஞாசி" என்று கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டே ஜனாதிபதி கத்தினார். "எங்கல இழுத்துட்டுப் போற?"

அம்மா படகுத்துறையின் நுனியில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், ஜொகராக்கா அவளுக்குக் குடை பிடித்திருந்தாள். அம்மாவுக்குக் கத்த மூச்சில்லை. கையை மட்டும் தூக்கி, காற்றில் ஒரு முடிச்சைப் பிரிப்பது மாதிரி இரண்டு தடவை ஆட்டிக் காட்டினாள். அவிழ்த்துவிட்டுப் போ என்று அர்த்தம்.

மூன்று பேர் சொன்னார்கள். நான் கழற்றவில்லை.